கடைசிபஸ்ஸும் அறுபத்தொரு சுற்றும்

புக்கூ, டொபேகோ
அக்டோபர் 29

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்:

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, தேவாலயத்துக்குக் கிளம்பும் வேளையில், என் தாயார் திருமதி வெர்லின் ட்ரிம் அவர்களின் ஊதா நிறத் தொப்பி, இறகு உட்பட, அகால மரணம் அடைந்தது. மரணத்துக்குக் காரணம்: ஆடு. நல்லடக்கம் அதே ஆட்டின் வயிற்றில் நடந்து முடிந்தது. மலர்வளையம் அனுப்ப வேண்டாம். அதையும் தின்றுவிடும்.

அன்புள்ள ஆத்னியல் மாமாவுக்கு, மேற்படி தொப்பியைத் தவிர வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் சுகம் எப்படி? கப்பலில் வாந்தி எடுத்தீர்களா? மார்ஜரி பெரியம்மா வீட்டுக் கட்டில் உங்கள் நீளத்துக்குப் போதுமா?

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். உங்கள் புராஸ்டேட்டில் தொடங்கி இடுப்பெலும்பு வரை போன புற்றுநோயை முதலில் ஊசி இரண்டு வருடம் கட்டிப்போட்டது. அப்புறம் மாத்திரை பதினோரு மாதம். இப்போது மாத்திரையும் களைத்துவிட்டது. அதனால் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நரம்பில் சொட்டு மருந்து, மொத்தம் ஆறு தடவை. சரிதானே? சொட்டு மருந்து ஏறினால் தலை சொட்டை ஆகும் என்று பேரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

தொப்பி தின்ற குற்றவாளி உங்கள் செல்ல ஆடு கடைசிபஸ்தான். நீங்கள் கப்பலேறியதிலிருந்து உங்கள் பட்டிப் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கிறான். கவலை வேண்டாம், ஈஸ்டர் செவ்வாய் ஆட்டுப் பந்தயத்துக்கு அவனைத் தயார் செய்யும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ஜாக்கியும் நானே. குதிரைப் பந்தய ஜாக்கிகள் சோம்பேறிகள், மேலே ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். நம்மூர் ஜாக்கிதான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் ஆட்டோடு ஓடுகிறான். கோப்பை வைக்க அலமாரியில் இடம் ஒதுக்கியாயிற்று.

தொப்பியின் இழப்பில் வாடும்,
ஜாபரி


பெல்மாண்ட், போர்ட் ஆஃப் ஸ்பெயின்
நவம்பர் 5

மருமகனே,

தொப்பிக்கு ஆழ்ந்த அனுதாபம். நான் சிரித்ததை உன் அம்மாவிடம் சொல்லாதே. எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. கட்டில்தான் குட்டை. கால் இரண்டும் வெளியே நின்று காற்று வாங்குகின்றன.

வெள்ளிக்கிழமை முதல் தடவை மருந்து ஏறியது. பெரிய அறை, பத்து சாய்வு நாற்காலி, பத்து ஆண்கள், ஒருவர் வாயிலும் பேச்சில்லை. நான்தான் ஆரம்பித்தேன். "என்னய்யா, யாராவது செத்துட்டீங்களா?"

பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணைத் திறக்காமலே, "இன்னும் இல்ல. வரிசையில நிக்கிறோம்," என்றார். பேர் பூத்ராம். சகுவானஸில் டாக்ஸி ஓட்டியவர். அறையே சிரித்துவிட்டது.

ரத்தத்தில் ஒரு எண் பார்க்கிறார்கள். அது குறைய வேண்டும். இப்போது 184. டாக்டரம்மாவிடம், "நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டேன். "படுக்காதீங்க, மிஸ்டர் குவாஷி. முடிஞ்ச அளவு நடங்க. உடம்பு தாங்கினாத்தான் ஆறு தடவையும் குடுக்க முடியும். பாதியில நிறுத்துற மாதிரி வெச்சிடாதீங்க," என்றாள்.

நடப்பது எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். முன்னால் ஓர் ஆடு போனால்தான் என் கால் நகரும். அதனால் உன்னோடு ஓர் ஒப்பந்தம். நீ கடைசிபஸ்ஸோடு ஒரு நாள் ஓடினால், நான் இங்கே சவன்னா மைதானத்தை ஒரு சுற்று நடக்கிறேன். நீ ஓடாத நாள் நானும் மார்ஜரியின் சோபாவில் படுத்துக்கொள்வேன். போனில் சொல்வது செல்லாது. இருபது வருடம் பந்தய முடிவுக் கோட்டில் நின்று கணக்கெழுதியவன் நான். எழுத்தில் வேண்டும், கையெழுத்தோடு வேண்டும். கப்பலில் கயிறு கட்டும் மெல்வில் கையில் கொடுத்தனுப்பு.

பட்டியில் தண்ணீர் மாற்று. நீயும் குளி.

மாமா


புக்கூ
நவம்பர் 14

பெருமதிப்புக்குரிய முடிவுக்கோட்டு மாமாவுக்கு,

இங்கே நான் நலம், ஆடு அதிநலம். உங்கள் நாக்கில் ருசி இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. ஆறு நாள் ஓடியாயிற்று. விடியும்போது கடற்கரை, ஈர மணல், தேவாலயச் சுவரிலிருந்து மீன் படகு வரை. பிறகு கடைசிபஸ்ஸைக் கழுத்தளவு தண்ணீரில் நீந்தவிட்டேன், தொடை வலுக்க. நூறு கெஜம் பதினேழு வினாடி. நேற்று பதினாறரை. கடையில் விற்காத ஒரு பொருளைத் தினமும் வாங்குகிறேன்: மூச்சு.

கடிகாரம் பார்க்க ரொட்டிக்கடை நிஷெலை வைத்திருக்கிறேன். பாவம், ஓடத் தெரியாதவள். உட்கார்ந்தாவது உபயோகமாக இருக்கட்டும்.

உங்களுக்கு ஆறு சுற்று பாக்கி. சோபாவை விட்டு எழுந்திருக்கவும்.

இப்படிக்குக் கையெழுத்தோடு, சாட்சியோடு,
ஜாபரி ட்ரிம், ஜாக்கி


பெல்மாண்ட்
நவம்பர் 27

மருமகனே,

ஆறு சுற்றும் நடந்தேன். முன்பணமாக இன்னும் ஐந்து, மொத்தம் பதினொன்று. மூன்றாவது சுற்றில் ஓர் இளநீர் விற்கிறவன், "தாத்தா, டாக்ஸி கூப்பிடட்டுமா?" என்றான். அந்தக் கோபத்திலேயே நான்காவதையும் முடித்தேன். இப்போது பூத்ராமும் கூட வருகிறார். ஓட்டுநர் பழக்கம், திருப்பத்துக்குத் திருப்பம் கை காட்டுகிறார்.

இரண்டாவது தடவையும் ஏறிவிட்டது. எண் 121. முடி தலையணையிலேயே தங்கிவிடுகிறது, நான் மட்டும் எழுந்து வருகிறேன். நாக்குக்கு எல்லாம் ஆணியைச் சப்பின மாதிரி இருக்கிறது. இஞ்சிச்சாறு மட்டும் இறங்குகிறது. பழைய ஊசி இன்னும் தொடர்வதால் திடீர் திடீரென்று உடம்பு அனலாய்க் கொதிக்கும். போன ஞாயிறு பிரசங்கத்தின் நடுவில் வந்தது. முன்வரிசையில் ஐம்பது தாண்டிய பெண்களெல்லாம் ஒரே நேரத்தில் தங்கள் விசிறியை எனக்கு நீட்டினார்கள். "எங்களுக்கும் அந்த வயசு வந்துச்சு, தம்பி," என்றாள் ஒருத்தி. நானும் அந்தச் சங்கத்தில் உறுப்பினன் ஆகிவிட்டேன்.

பதினாறரை போதாது. போன வருடம் ஜெயித்தது பதினைந்து. கயிற்றை இழுக்காதே, தளர்த்து.

மாமா


புக்கூ
டிசம்பர் 9

121க்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் மாமாவுக்கு,

ஸ்கோர் குறையக் குறையக் கைதட்டுகிற ஒரே வீடு இந்தத் தீவில் நம்முடையதுதான். கிரிக்கெட் பார்க்க வந்த எதிர்வீட்டுக்காரர் அம்மா துள்ளுவதைப் பார்த்து, "யாரு அவுட்டு?" என்றார். "நாங்க ஆசைப்படுற ஆளு," என்றேன்.

இங்கே சுகம். ஓட்டத்தைப் பற்றிச் சொன்னால் தற்பெருமை ஆகிவிடும், அதனால் சுருக்கமாகப் பெருமைப்படுகிறேன். பதினைந்தே முக்கால்! கடற்கரையில் கூட்டம் கூடுகிறது. பக்கத்து ஊர் மவுண்ட் பிளெசண்ட் பையன்கள் ஒளிந்து நின்று என் கால் போடும் முறையைப் படிக்கிறார்கள். பாதம் கருங்கல் ஆகிவிட்டது. முள் குத்தினால் முள்ளுக்குத்தான் வலி.

இருபத்தெட்டு நாள் ஆயிற்று. உங்கள் கணக்கு எவ்வளவு?

சிறுத்தையின் வேகத்தில்,
ஜாபரி


புக்கூ
டிசம்பர் 28

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்களிடமிருந்து கடிதம் இல்லை. மெல்விலை நாலு கப்பல் பார்த்துக் கேட்டுவிட்டேன். "வந்தா குடுக்க மாட்டனாடா? நான் என்ன தின்னுடவா போறேன், உங்க ஆடு மாதிரி?" என்கிறார்.

கிறிஸ்துமஸ் நடந்தது. கறுப்புக் கேக் வந்தது. சோரல் பானம் வந்தது. உங்கள் நாற்காலியில் துணி மடித்து வைத்திருந்தார்கள், யாரும் உட்காராதபடிக்கு. அம்மா போனில் மார்ஜரி பெரியம்மாவோடு பேசும்போது தோட்டத்துக்குப் போய்விடுகிறாள். கதவு இருந்தால் பின்னால் நிற்கலாம். தோட்டத்துக்குக் கதவு இல்லை. திரும்பி வந்தால் கண் சிவந்திருக்கிறது. "வெங்காயம்," என்கிறாள். தோட்டத்தில் வெங்காயம் போட்டதாக எனக்குத் தெரியவில்லை.

நான் தினமும் ஓடுகிறேன். நேற்று பதினைந்தரை. உங்களுக்குச் சுற்று பாக்கி ஏறிக்கொண்டே போகிறது, சொல்லிவிட்டேன்.

ஜாபரி


புக்கூ
ஜனவரி 7

மாமா,

நலமா?

சுற்று பாக்கியெல்லாம் தள்ளுபடி. ஒரு வரி போதும். வார்த்தைகூட வேண்டாம், ஒரு கோடு கிழித்து அனுப்புங்கள், கை அசைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.

ஜா.


போர்ட் ஆஃப் ஸ்பெயின்
ஜனவரி 12

அன்புள்ள ஜாபரிக்கு,

இது உன் மாமா சொல்லச் சொல்ல பூத்ராம் ஆகிய நான் எழுதுவது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் சேர்ப்பது அடைப்புக்குள் இருக்கும்.

மருமகனே, கவலைப்படாதே, எனக்கு ஒரு சின்னக் காய்ச்சல். (சின்னக் காய்ச்சல் இல்லை. மூன்றாவது மருந்துக்கு ஆறு நாள் கழித்து ராத்திரியில் ஆம்புலன்ஸ். ரத்தத்தில் வெள்ளையணுக்கள் சுத்தமாக இல்லை. ஒன்பது நாள் யாரென்று ஆளே தெரியவில்லை இவருக்கு.) நர்ஸ்கள் நன்றாகக் கவனிக்கிறார்கள். நானும் அவர்களுக்குத் தொந்தரவு தருவதில்லை. (ஆட்டுப்பால் கேட்டு ரகளை.)

எண் 58. காய்ச்சல் வந்தாலும் மருந்து தன் வேலையை விடவில்லை. அடுத்தது அளவைக் குறைத்துக் கொடுப்பார்களாம். வெள்ளையணு ஏற ஒரு ஊசியும் போடுவார்களாம்.

நேற்று உன் மூன்று கடிதத்தையும் பூத்ராம் வாசித்துக் காட்டினார். பதினைந்தரை என்று கேட்டதும் எழுந்து உட்கார்ந்தேன். (உண்மை. நான் பார்த்தேன். நர்ஸ் மாலினியும் பார்த்தாள்.) "அவன் ஓடுறான், நான் படுத்துக் கிடக்கிறேன்," என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. இன்று காலை கட்டிலிலிருந்து ஜன்னல் வரை பதினான்கு அடி நடந்தேன். திரும்பி வர நாற்காலி கேட்டேன். இதை ஒரு சுற்று என்று நீ ஒப்புக்கொள்வாயா?

(தம்பி, ஒப்புக்கொள். அந்தப் பதினான்கு அடிக்கு இருபது நிமிடம் ஆயிற்று. — பூத்ராம்)

கீழே உள்ள கோடு மாமா போட்டது.

—————


புக்கூ
ஜனவரி 16

அன்புள்ள மாமாவுக்கும், அடைப்புக்குறி மாமாவுக்கும்,

தீர்ப்பு: பதினான்கு அடி ஒரு சுற்றுதான். மேல்முறையீடு கிடையாது.

கோடு கிடைத்தது. நடுவில் கொஞ்சம் வளைந்திருக்கிறது, ஆனாலும் அழகான கோடு. அம்மா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை என்றுகூடப் பாராமல் ஞாயிறு விருந்தான நண்டும் டம்ப்ளிங் மாவுருண்டையும் செய்தாள். எதிர்வீட்டுக்கும் கொடுத்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மிளகாய் கூடுதல், அதனால் கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான்.

நாளைக்கும் ஓடுவேன். நாளை மறுநாளும் ஓடுவேன். நீங்கள் எங்கே நிறுத்துகிறீர்கள் என்று பார்த்துவிடுகிறேன்.

ஜாபரி


பெல்மாண்ட்
ஏப்ரல் 10

மருமகனே,

வெகுநாளாக மெல்விலிடம் இரண்டு வரிச் சீட்டு மட்டுமே கொடுத்தனுப்பினேன். இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். கை ஆடவில்லை, பார்த்துக்கொள்.

மார்ச் கடைசியில் ஆறாவது தடவையும் முடிந்தது. இடுப்பு வலித்த இடத்துக்கு ஒரே ஒருநாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நேற்று டாக்டரம்மா படங்களை விளக்குத்திரையில் மாட்டினாள். பழைய புள்ளிகள் மங்கியிருக்கின்றன. புதிதாக ஒன்றும் இல்லை. எண் மூன்று. மூன்றுதான், பின்னால் எந்த இலக்கமும் விட்டுப்போகவில்லை.

"போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"போகல. தூங்குது. நல்லாத் தூங்குது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க, பார்த்துக்கலாம். முழிச்சா அடுத்த மருந்து இருக்கு, அதுக்கு அடுத்ததும் இருக்கு."

"அதுவரைக்கும் நான் என்ன பண்ண?"

"என்ன பண்ணிட்டு இருந்தீங்களோ அதையே பண்ணுங்க. ஆறையும் தாங்குனது உங்க காலு."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். பூத்ராம் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். கடலை ருசித்தது. நாக்கு திரும்பிவிட்டது, ஜாபரி! இருவரும் பொட்டலத்தைக் காலி செய்துவிட்டு எழுந்துபோய் அறுபத்தொன்றாவது சுற்றை முடித்தோம்.

உன் அம்மாவிடம் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். ஜனவரியில் ஒரு நாள், போதும் என்று முடிவு செய்துவிட்டேன். மருந்து வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்ல வாய் திறந்த நேரத்தில்தான் பூத்ராம் உன் கடிதங்களோடு வந்தார்.

சனிக்கிழமை, இருபதாம் தேதி கப்பலில் வருகிறேன். தனியாக இல்லை. பூத்ராம், நர்ஸ் மாலினி, அவள் இரண்டு பிள்ளைகள், சாய்வு நாற்காலிக்காரர்கள் நாலு பேர். எல்லோரும் ஈஸ்டர் செவ்வாய் நீ ஓடுவதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஐந்து மாதமாக உன் கடிதங்களை வார்டில் சத்தமாக வாசித்திருக்கிறேன். "அந்தக் கருங்கல் பாதத்தைத் தொட்டுப் பாக்கணும்," என்கிறாள் மாலினி.

பாய் எத்தனை இருக்கிறது என்று அம்மாவைக் கேள்.

ஆசிகளோடு,
மாமா


புக்கூ
ஏப்ரல் 13

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று! கடிதத்தை வாசித்ததும் அம்மா தெருவில் நின்று "மூணு, மூணு" என்று கத்தினாள். எதிர்வீட்டுக்காரர் யாருக்கோ மூன்று குழந்தை ஒரே பிரசவத்தில் பிறந்துவிட்டதாக நினைத்து வாழ்த்தினார். பாய் ஏழு இருக்கிறது. மிச்சத்துக்கு நிஷெல் வீட்டில் கேட்டாயிற்று.

உங்கள் சுகம் அறிந்தேன். என் சுகத்தைப் பற்றி ஐந்து மாதமாக எழுதாத ஒன்று இருக்கிறது. இந்தப் பத்தியை உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள். பூத்ராம் மாமா பக்கத்தில் இருந்தால் நல்லது.

நவம்பர் பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நம்மூர் நண்டுப் பந்தயத்துக்குப் பழக்கும் நண்டு ஒன்றைப் பாதிரியாரின் காரில் விடலாம் என்று தேவாலயச் சுவரில் ஏறினேன். நண்டு பத்திரமாக இறங்கியது. நான் இறங்கவில்லை, விழுந்தேன். வலது கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்தது. ஸ்கார்பரோ ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். மாவுக்கட்டு, அப்புறம் இன்னொரு மாவுக்கட்டு, இப்போது ஊன்றுகோல். ஆகஸ்ட் வரை ஓடக்கூடாதாம்.

நான் கடைசிபஸ்ஸோடு ஓடியது மொத்தம் மூன்று நாள். ஆறு நாள் என்று எழுதியபோது கட்டிலில் படுத்து, காலைத் தலையணைமேல் வைத்திருந்தேன். கருங்கல் ஆனது பாதம் இல்லை, மாவுக்கட்டு.

நேரமெல்லாம் உண்மை, மாமா. சத்தியமாக உண்மை. கால்தான் என்னுடையது இல்லை. ஓடியது நிஷெல். கடிகாரம் பார்த்தது நான், ஜன்னல் வழியாக. "உன் பேர்லயே எழுதிக்கடா, எனக்கென்ன? ஆடு ஓடணும், உங்க மாமா நடக்கணும், அவ்ளோதானே?" என்றாள். செவ்வாய்க்கிழமையும் அவள்தான் ஓடுவாள். ஓடத் தெரியாதவள் என்று எழுதினேன் அல்லவா, அதை அவளிடம் காட்டிவிடாதீர்கள். போன வாரம் பதினைந்துக்குக் கீழே வந்துவிட்டாள்.

அம்மா முதல் வாரமே போனில் உங்களிடம் சொல்லப்போனாள். நான்தான் கட்டிலிலிருந்து கத்தினேன், "சொல்லாதம்மா, மாமா சோபாவுல படுத்துடுவாரு!" அப்புறம் உங்களிடம் மழையைப் பற்றிப் பேசினாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு, நீங்கள் எழுதாத அந்த நாட்களில், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று காகிதம் கிழித்தேன். பொய்யன் என்று தெரிந்தால் நீங்கள் எழுந்திருக்காமல் போய்விடுவீர்களோ என்று பயம். ஆமாம், பயம்தான். மிளகாயும் இல்லை, வெங்காயமும் இல்லை.

ஆக, அந்த அறுபத்தொரு சுற்றிலும் உங்களுக்கு எதிராளி கிடையாது. தனியாகவே ஓடி முதலாவதாக வந்திருக்கிறீர்கள். முடிவுக்கோட்டுக்காரரான நீங்களே கணக்கில் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை துறைமுகத்தில் நிற்பேன். நர்ஸ் மாலினி முன்னால் திட்டாதீர்கள், வீட்டுக்கு வந்து திட்டுங்கள். இன்னொன்று, என்னால் ஓடி வந்து உங்களைக் கட்டிக்கொள்ள முடியாது. நீங்கள்தான் நடந்து வரவேண்டும்.

ஜாபரி